கருணைக்கொலை: சொல்லும் பொருளும்

சிவமயம்

சொல்லென்பது பொருளை விளக்குதற்கு ஏற்பட்ட கருவி. கருவி பழுதுபடின் அதனாற் செய்யப்படுங் காரியமும் பழுதுபடும். தமிழில் அண்மைக்காலத்தே வழங்கத் தலைப்பட்ட தொடர்களுள் 'கருணைக்கொலை' என்பது ஒன்று. நாளிதழ்களிலும், நீதிமன்றச் செய்திகளிலும், மருத்துவர்தம் சொற்பொழிவுகளிலும் இத்தொடர் எவ்வகைக் கூச்சமுமின்றி எடுத்தாளப்படுகின்றது. தீராப் பிணியால் வருந்துவோரையும், முதுமையால் எழமாட்டாது கிடப்போரையும், அவர் படுந் துன்பங் காணப்பொறாமையால் உயிர்போக்கிவிடுதலே இத்தொடராற் குறிக்கப்படுவது. மேனாட்டார் இதற்கு வழங்கும் 'யூத்தனேசியா' என்னுஞ் சொல் கிரேக்க மொழியிற் பிறந்தது. நல்ல சாவு என்பதே அதன் பொருள். அதன்கண் கருணையும் இல்லை; கொலையும் இல்லை. 'மெர்ஸி கில்லிங்' என்னும் மற்றோர் ஆங்கிலத் தொடரினின்றும் பெயர்க்கப்பட்டதே தமிழ்த்தொடர். பெயர்த்தவர் கருணை என்னுஞ் சொல்லைத் தேர்ந்தெடுத்தபொழுது, அது சைவ நூல்களிற் சிவபெருமானது திருவருட்குப் பெயராய் நிற்றலை எண்ணிலர் போலும். ஆகலின் இதனை இலக்கணத்தானும், உலக வழக்கானும், சித்தாந்த முடிபானும் ஆராய்ந்து காண்டல் சைவர்க்குக் கடனாகின்றது.

இத்தொடர் தொகைநிலைத்தொடர் என்பது வெளிப்படை. அது யாது தொகை? 'சாரைப்பாம்பு' என்பதுபோல இருபெயரொட்டுப் பண்புத்தொகையாகக் கொண்டு, 'கருணையாகிய கொலை' என விரிப்பின், கருணையே கொலை, கொலையே கருணை என்பது பெறப்படும். ஒன்று உயிரைப் பேணுவது. மற்றொன்று உயிரை உடலினின்றும் பிரிப்பது. தம்முள் மாறுபட்ட இரண்டும் ஒருபொருண்மேல் நில்லா. ஆகலின் அது பொருந்தாது. 'கருணையாற் செய்யப்படுங் கொலை' என மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்வதே இத்தொடரை ஆள்வார் கருத்து. அங்ஙனங் கொள்ளுமிடத்துக் கருணை ஏதுவாய்க் கொல்வான்மாட்டு நிற்கின்றது, கொல்லப்படுவான்மாட்டு நின்றிலது. எனவே இத்தொடர் இறப்பவன் எய்தும் நன்மை இன்னதென்று கூறாது, இறப்பிப்பவன் மனநிலை இன்னதென்று மட்டும் கூறி அமைகின்றது. கொலைசெய்தான் ஒருவன் தன் மனநிலையைத் தானே எடுத்துரைப்பின், எவ்வழக்குமன்றமும் அதனை அப்படியே ஏற்பதில்லை. ஈண்டோ சொல்லே சான்றாய் நின்று அவனை விடுவித்துவிடுகின்றது.

இனித் தமிழ்வழக்கை நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். உயிர்க்கொலை, பசுக்கொலை, சிசுக்கொலை, தற்கொலை என்பனவெல்லாம் இரண்டாம் வேற்றுமைப் பொருளன. உயிரைக் கொல்லுதல், பசுவைக் கொல்லுதல், சிசுவைக் கொல்லுதல், தன்னைக் கொல்லுதல் என விரிவன. கொலை என்னுஞ் சொற்குமுன் நிற்கும் பெயர் கொல்லப்படும் பொருளைக் குறித்தல் பெருவழக்கு. அவ்வழக்குப்பற்றி விரிப்பின் கருணைக்கொலை என்பது கருணையைக் கொல்லுதல் என்றாகும். மொழிபெயர்த்தார் கருதாத இவ்விரியே உண்மைப்பொருளாமோ என்பது ஆராயற்பாலது.

அதற்கு ஓர் உரைகல் வேண்டும். ஒரு செயல் கருணையின்பாற் பட்டதோ அன்றோ என அறிதற்கு, அச்செயலால் நீங்குவது யாருடைய துன்பம் என வினாவுதலே போதும். துன்புறுவானது துன்பம் நீங்க, அவன் நிலைபெறின், அது கருணை. காண்பானது துன்பம் நீங்குதற்பொருட்டுத் துன்புறுவானே நீக்கப்படின், அது கருணையின் உடையணிந்து வந்த வேறொன்று. இவ்வுரைகல்லில் முதற்கண் உரைத்துப் பார்த்தற்குரியது தமிழ்நாட்டகத்தே நிகழ்வதொன்று.

விருதுநகர், மதுரை, தேனி முதலிய தென்மாவட்டங்களிற் சிற்சில ஊர்களில் 'தலைக்கூத்தல்' என்பதோர் வழக்கம் உண்டென்பது 2010ஆம் ஆண்டளவில் நாளிதழ்கள் வாயிலாக நாடறியப் பேசப்பட்டது. படுக்கையிற் கிடக்கும் முதியோர்க்கு விடியற்காலத்தே எண்ணெய் முழுக்காட்டி, இளநீரை மிகுதியாகப் பருகுவிப்பர். வலியிழந்த உடல் அக்குளிர்ச்சியைத் தாங்காது சின்னாளில் வீழ்ந்துபடும். சுற்றத்தார் கூடி நாள்குறித்துச் செய்தலும் உண்டு. 'தலைக்கு ஊற்றுதல்' என்பதே பேச்சுவழக்கில் மருவி இப்பெயராய் நின்றது. அம்மைநோய் தீர்ந்தார்க்கு நாட்பார்த்து நீராட்டுதலையும் தமிழ்மக்கள் தலைக்கு ஊற்றுதல் என்றே கூறுவர். நோய் தீர்ந்து உயிர்பிழைத்தமைக்கு அறிகுறியாகிய ஒரு மங்கலச்சொல்லே, நோயோடு உயிரையுந் தீர்ப்பதற்குப் பெயராயிற்று. தாய் மகவுக்கு வார்க்கும் எண்ணெயும் நீருமே ஈண்டு மகன் தாய்க்கு வார்ப்பன. கைகள் அவையே, பொருள்களும் அவையே, நெஞ்சம் ஒன்றே வேறு.

இவ்வழக்கத்தைப் பொருளாகக் கொண்டு எடுக்கப்பட்ட 'பாரம்' என்னுந் தமிழ்த் திரைப்படம், 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்குரிய தேசிய விருதைப் பெற்றது. அப்படத்தின் பெயர் ஆராயத்தக்கது. வலி என்றேனும், பிணி என்றேனும் பெயரிடாது பாரம் என்று பெயரிட்டார். வலியும் பிணியும் படுக்கையிற் கிடப்பார்க்கு உரியன. பாரமோ சுமப்பார்க்கு உரியது. மேற்கூறிய உரைகல்லுக்கு அப்பெயரே விடையாகின்றது. தலைக்கூத்தலால் நீங்குவது முதியோரது துன்பமன்று, வீட்டாரது பாரமே.

அதுபற்றி அவ்வூரார் இயல்பாகவே கொடியர் என்று கூறுதல் முறையாகாது. நாட்கூலியால் வாழும் ஒரு குடும்பத்தில் ஒருவர் வேலைக்குச் செல்லாது நோயாளியின் அருகிருப்பின், அன்று அடுப்பெரியாது. மலசலம் எடுத்து, புண்கழுவி, இரவெல்லாம் விழித்திருக்கும் மகளும் மருமகளும் படுந் துன்பம் தொலைவிலிருந்து அறம் உரைப்பார்க்குப் புலனாவதன்று. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையார் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேர். அஃதாவது நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர். மக்கட்பேறு குறைந்து, இளைஞர் பிழைப்புநாடி ஊர்விட்டுப் போக, முதியோர்தொகை பெருகுகின்றது. பெற்றோரைப் பேணுதல் மக்களது சட்டக்கடன் என 2007ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்ததே நிலைமையை உணர்த்தும். ஆகவே பாரம் உண்டென்பது மறுக்கத்தக்கதன்று. பாரத்தைப் பாரம் என்று கூறாது கருணை என்று கூறுதலே மறுக்கத்தக்கது. பாரம் என்று கூறின், பிறர் வந்து தோள்கொடுப்பர். கருணை என்று கூறின், வாழ்த்திவிட்டு அகல்வர்.

இனிச் சித்தாந்த நூற்பயிற்சி உடையார் சிலர் எழுப்பும் தடைகள் ஆராயப்படும்.

ஐந்தொழில்களுள் அழித்தல் என்பது உயிர்களின் இளைப்பாற்றலே எனச் சித்தாந்த நூல்கள் கூறுமாகலானும், தண்டித்தலும் இறைவன் அருளே என்பார் அதனை மறக்கருணை என வழங்குவராகலானும், பிணியால் இளைத்த உயிர்க்கு உடலை நீக்கி இளைப்பாற்றுதலும் கருணையாதற்கு இழுக்கென்னை எனின், கூறுதும். அழித்தற்றொழில் இளைப்பாற்றலாதற்குக் காரணம் மூன்று. உயிரின் இளைப்பை உள்நின்று அறிபவன் அதனைச் செய்தல் ஒன்று. நீக்கிய உடற்கு ஈடாக வினைக்கேற்ற மற்றோர் உடலைத் தரவல்லான் செய்தல் மற்றொன்று. தனக்கென ஒரு பயனும் வேண்டாதான் செய்தல் பிறிதொன்று. இம்மூன்றும் பதியாகிய சிவபெருமானுக்கே உரியன. பசுவாகிய மாந்தனோ பிறன் இளைப்பை முகக்குறிப்பால் ஊகிப்பதன்றி அறியமாட்டான். ஓர் உரோமத்தையும் படைத்துத் தரமாட்டான். ஆணவமலச் சார்பினாற் பயன்கருதாது ஒன்றுஞ் செய்யமாட்டான். மருத்துவன் அறுத்தும் சுட்டும் நோய்தீர்த்தல் கண்டு, மருந்தறியாதான் ஒருவன் கத்தியெடுத்து அறுப்பானாயின், அதனை மருத்துவம் என்பாரில்லை. மறக்கருணை என்னும் பெயரை மாந்தன் செய்யுங் கொலைக்கு ஏற்றுதலும் அத்தன்மைத்தே.

அன்றியும், உடல் நீங்கிய துணையானே துன்பம் நீங்கும் என்னுங் கருத்துச் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. துன்பத்திற்குக் காரணம் வினை. உடல் அவ்வினை நுகரப்படும் இடம். உண்ணற்குரிய சோறு எஞ்சியிருப்ப இலையை எடுத்தெறிந்தால், சோறு தீர்ந்ததாகாது. வேறோர் இலை இடவேண்டியதாகும். நுகர்வினையாகிய பிராரத்தம் எஞ்சியிருப்ப உடலைப் போக்குதலும் அன்னதே. கொல்வானுக்கோ ஏறுவினையாகிய ஆகாமியம் புதிதாக விளைகின்றது. ஒருவன் துன்பம் தீராமலே இருவர் துன்பமாக வளருமாயின், அதனைக் கருணை என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், நாயன்மார் வரலாற்றில் உயிர்துறத்தல் கூறப்படுகின்றதே எனின், அதுவும் ஆராயற்பாலது. சூலைநோயுற்ற ஏயர்கோன் கலிக்காம நாயனார், அந்நோய் சுந்தரமூர்த்தி சுவாமிகளாலன்றித் தீராதென இறைவன் அருளக் கேட்டு, அவர் வந்து தீர்ப்பதற்குமுன் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்து மாண்டனர் என்பது பெரியபுராண வரலாறு. இதனைக் காட்டி, நோய்பொறாது உயிர்விடுதல் அடியார்க்கும் உடன்பாடு என்பர் சிலர். அவர் வரலாற்றை முழுதும் நோக்கினாரல்லர். கலிக்காமர் வலிபொறாது மாண்டாரல்லர். இறைவனைப் பரவையார்பால் தூதாக ஏவினார் என்று தாம் சினந்தவர் கையால் நோய் தீர்வதைப் பொறாது மாண்டார். அவ்வளவில் வரலாறு முடிந்ததுமன்று. சுந்தரர் வந்து கண்டு தாமும் உயிர்விடத் துணிய, இறைவன் அருளாற் கலிக்காமர் எழுந்து அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கி நண்பராயினர். வாள் செய்ததை அருள் மாற்றியது என்பதே சேக்கிழார் காட்டும் முடிபு. அடியார் செய்த அரிய செயல்கள் வியத்தற்குரியன. எல்லார்க்கும் விதியாகக் கொள்ளற்குரியன அல்ல.

நோயும் சாவும்பற்றிச் சைவருலகு எந்நாளும் நினைத்தற்குரிய வரலாறு திருவாமூரிற் பிறந்த திலகவதியாருடையது. பெற்றோராகிய புகழனாரும் மாதினியாரும் இறந்தபின், தமக்கென மணம்பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டாராகக் கேட்டு, அவ்வம்மையார் உயிர்துறக்கத் துணிந்தார். இளையவராகிய மருணீக்கியார் அவர் அடியில் வீழ்ந்து, அவரும் நீங்குவாராயின் தாம் முன்னரே உயிர்நீங்குவதாகக் கூறி அழுதார். தம்பியின்பொருட்டு அம்மையார் உயிர்தாங்கி இருந்தார். சாகத் துணிந்தாரைச் சாகாமற் காத்தது ஒரு தத்துவமன்று. 'நீர் எனக்கு வேண்டும்' என்பதுபட நின்ற ஒரு சிறுவனது அழுகை. அங்ஙனம் இருந்த அவ்வுயிர் பின்னர்ச் செய்தது யாது? சமணரிடத்துத் தருமசேனராயிருந்த அத்தம்பி கொடிய சூலையால் வருந்தி, அவர்கள் மந்திரங்களால் தீராது கைவிட்டமையின், தமக்கையாரைத் திருவதிகையில் வந்தடைந்தபொழுது, திருநீறளித்துத் திருக்கோயிற்கு அழைத்துச் சென்றார். அன்று அவ்வம்மையார் உயிர்துறந்திருப்பின், திருநாவுக்கரசர் என்னும் பெயரை உலகம் கேட்டிராது. ஓர் உயிரின் இருப்பு எதன்பொருட்டு என்பது, அவ்வுயிர்க்கும் தெரியாது, அருகிருப்பார்க்கும் தெரியாது. பயனற்ற உயிர் என்று ஒன்றை முடிவுகட்டுவார், முடிவுகட்டற்குரிய ஏட்டைப் படித்தாரல்லர்.

நோயாளி தானே வேண்டிக்கொள்ளின் என்செய்வது என்பது மற்றொரு தடை. நெதர்லாந்து நாட்டில் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டும், பெல்ஜியத்தில் அவ்வாண்டிலேயும், கனடாவில் 2016ஆம் ஆண்டிலும், நோயாளியின் வேண்டுகோட்கிணங்க மருத்துவர் உயிர்போக்குதற்குச் சட்டம் இடந்தந்தது. கனடாவில் முதலில், இறப்பு அணிமையில் வரும் என எதிர்பார்க்கத்தக்க நிலையினர்க்கே என்றிருந்த வரம்பு, ஐந்தாண்டிற்குள், 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீக்கப்பட்டது. மதகு ஒருமுறை திறக்கப்படின் நீர் எவ்வளவில் நிற்கும் என்பதை மதகு திறந்தார் கூறமாட்டார் என்பதற்கு இஃதொன்றே சான்றாம்.

வேண்டுகோள் என்பதையும் உற்றுநோக்கல் வேண்டும். திண்ணையிற் கிடக்கும் முதியோர், இறைவன் தம்மைக் கொண்டுபோகமாட்டானா எனப் பன்முறை கூறுதல் எவ்வீட்டிலும் கேட்கப்படுவதே. அச்சொல் எழும் நேரத்தை அறிந்தார் அதன் பொருளையும் அறிவர். படுக்கை நனைந்து நெடுநேரம் ஆகியும் மாற்றுவாரில்லாதபொழுது எழும். மருந்துச்செலவுபற்றிக் கதவின் பின்னர் நிகழும் பூசல் காதில் விழுந்தபொழுது எழும். படுக்கை மாற்றி, அருகிருந்து ஒரு பதிகம் ஓதின் அச்சொல் அடங்கும். அவர் வேண்டியது சாவன்று, ஒரு கை. கை வேண்டினார்க்குச் சாவைத் தருவது, சோறு வேண்டினார்க்குக் கல்லைத் தருவதோடொக்கும். தீராக் கொடுநோயால் மெய்யாகவே சாவை வேண்டுவாரும் உளர் எனின், அவர்க்குரிய விடை பின்னர்க் கூறப்படும்.

இனி, இந்திய நாட்டு நீதிமன்றங்கள் கூறியன ஒருசார் ஆராயற்பாலன. உயிர்வாழும் உரிமையுட் சாகும் உரிமை அடங்காது என உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, மாண்புடன் இறத்தல் உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு எனவும், மீளாநிலை எய்தினார்க்குச் செயற்கையாக உயிர்தாங்குங் கருவிகளை விலக்கலாம் எனவும், அதுபற்றி ஒருவர் முன்னரே எழுதிவைக்கும் முறி செல்லும் எனவும் கூறிற்று. 2023ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அம்முறைகள் எளிமையாக்கப்பட்டன. மருந்து செலுத்தி உயிர்போக்குதலை அத்தீர்ப்புக்கள் ஏற்றில. நாளிதழ்களோ, 'கருணைக்கொலைக்கு அனுமதி' எனத் தலைப்பிட்டு எழுதின. ஈண்டும் சொல்லே மயக்கம் விளைத்தது.

வெண்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியை விலக்குதலும், நஞ்சு செலுத்துதலும் ஒன்றெனக் கருதுவார் இருதிறத்தார். விலக்குதலும் கொலையே என்று அஞ்சுவார் ஒருதிறத்தார். விலக்குதல் கூடுமாயின் செலுத்துதலுங் கூடுமன்றோ என்பார் மற்றொரு திறத்தார். இருவரும் வேறுபாடு உணர்ந்திலர். விருந்தினர் புறப்படும்பொழுது வழிமறித்து நில்லாமை வேறு. இருந்தாரைப் பிடர்பிடித்து உந்துதல் வேறு. நெய் முழுதுந் தீர்ந்த விளக்கை மேலுந் தூண்டாமை வேறு; நெய்யுள்ள விளக்கை ஊதி அவித்தல் வேறு. முன்னதில் உயிர்போதற்கு ஏது நோயும் வினைமுடிவும். பின்னதில் ஏது கொல்வான் கை. மீளாநிலை என்பதனை மருத்துவர் பலர் கூடித் துணிதல் வேண்டும் என்று விதித்ததும், ஒருவர் பயன்கருதிக் கூறுஞ் சொல் அதனைத் துணிதற்குப் போதாது என்பது பற்றியே. 2018ஆம் ஆண்டிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட சொல்விளக்க ஏடு, கருவி விலக்குதலை யூத்தனேசியா வகைகளுள் ஒன்றாகப் பெயரிட்டு வழங்கும் பழைய வழக்கைத் தவிர்க்கவேண்டும் என்றது. தமிழிலும் அதனைச் 'சிகிச்சை விலக்கல்' என வழங்கின் குற்றமின்று, அச்சமும் அகலும்.

சாவே தீது என்பது சைவர் கொள்கையன்று. திருக்கடவூரில் மார்க்கண்டேயர்மேற் பாசம் வீசிய காலனைச் சிவபெருமான் உதைத்தருளினான். அத்தலத்தில் அறுபதும் எண்பதும் நிறைந்த முதியோர்க்கு விழாவெடுத்தல் இன்றும் நிகழ்வது. அவ்வரலாற்றின் பிற்பகுதியைப் பலர் நினைப்பதில்லை. காலன் இல்லையாக, இறப்பின்றிப் பெருகிய உயிர்களின் பாரந்தாங்காது நிலமகள் முறையிட, பெருமான் அவனை மீள எழுப்பினான். காலனை உதைத்ததும் அருளே; எழுப்பியதும் அருளே. நிலமகளும் பாரம் என்று முறையிட்டாள்; ஆயின் முறையிட்டது இறைவனிடத்து; தானே எவ்வுயிரையும் விழுங்கினாளல்லள். காலனை வரவொட்டாது கருவிகளால் தடுத்து மருத்துவமனையில் உயிரை இழுத்துப்பிடித்தல் ஒருபால் மிகை. காலன் வருமுன் காலனாகத் தானே சென்று நிற்றல் மற்றொருபால் மிகை. இரண்டும் அவன் தொழிலில் மாந்தர் தலையிடுவன.

மறுதலையாகச் சைவருட் சிலர் கூறும் ஒன்றும் கண்டித்தற்குரியது. நோய் வினைப்பயன், நுகர்ந்தே தீரவேண்டும், ஆகலின் வலியைத் தணிக்க முயலுதல் வீண் என்று கூறி, அருகிலிருப்பார் கதறவும் வாளாவிருப்பாரும் உளர். அவர் வினைக்கொள்கையைத் தம் நெஞ்சின் வன்மைக்குப் போர்வையாக்கிக் கொண்டவர். வினைப்பயனை நுகர்விப்பது இறைவன் தொழில். நோயாளியின் வலியைத் தணிப்பது மாந்தன் கடன். மருந்துங் கிடைத்தலும் வினைவழியே என்பதை அவர் மறந்தனர். புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதன் எனப் பெயர்கொண்டு எழுந்தருளியிருக்கும் பெருமானை வணங்குவார், மருத்துவத்தை வினைக்கு மாறென்று கூறுதல் நகைக்கத்தக்கது.

மெய்யாகவே சாவை வேண்டும் நோயாளிக்கு விடை இதன்கண் உள்ளது. இலண்டன் மாநகரில் 1967ஆம் ஆண்டு சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் மனை, தீராநோயாளரது வலியைத் தணித்து, இறுதிவரை அருகிருந்து பேணும் முறைக்கு வழிகாட்டிற்று. கேரள நாட்டில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய அத்தகைய தொண்டு, ஊர்தோறும் அண்டைவீட்டாரே பயிற்சிபெற்று நோயாளர் வீடு செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008ஆம் ஆண்டு அந்நாட்டரசு அதனைத் தன் கொள்கையாகவே மேற்கொண்டது. புற்றுநோய் வலியைத் தணிக்கும் மார்பின் என்னும் மருந்து, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் நோயாளர்க்கு எட்டாதிருந்தது. 2014ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. வலியைத் தணிக்கும் மருந்து இருப்ப அதனைக் கொடாது, வலியுடையானையே இல்லையாக்குதல், வீட்டில் தீப்பற்றியபொழுது நீரிருக்க வீட்டை இடிப்பதோடொக்கும்.

இவ்வாராய்ச்சி முற்றுப்பெறுதற்கு முன், உரைகல்லில் உரைத்துக் காண்டற்குரிய பிறிதொன்று உண்டு. மும்பையில் கே.இ.எம். மருத்துவமனையிற் செவிலியாய் இருந்த அருணா சான்பாக் என்னும் அம்மையார், 1973ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் கொடியன் ஒருவனாற் றாக்கப்பட்டு மூளை சிதைந்து, அம்மருத்துவமனையிலேயே கிடந்தார். அவர் இறப்பை எய்துமாறு உணவூட்டலை நிறுத்த வேண்டும் என எழுத்தாளர் ஒருவர், கருணைபற்றியே, உச்சநீதிமன்றத்தில் முறையிட்டார். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அங்குள்ள செவிலியர், தலைமுறை தலைமுறையாக, தம் முன்னோடியாகிய அவ்வம்மையாரைப் படுக்கைப்புண் ஒன்றும் உண்டாகாவண்ணம் பேணிவந்தனர். அவரை உயிருடன் வைத்திருக்கவே விரும்பினர். 2015ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், நிமோனியாக் காய்ச்சலால் அவர் இயல்பாக இறந்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள் ஆயின. செவிலியர் எவரும் அவர் வயிற்றிற் பிறந்தாரல்லர். அவர் சொத்துக்கு உரியாருமல்லர். பெற்ற மகன் எண்ணெய் வார்த்து முடித்ததையும், பெறாத பெண்டிர் ஏறத்தாழ நாற்பத்திரண்டாண்டு புண்படாமற் காத்ததையும் ஒருங்குவைத்துப் பார்ப்பார்க்குக் கருணை என்னுஞ் சொல் எதற்கு உரியது என்பது இலக்கணங் கொண்டு அறியவேண்டுவதில்லை.

ஆயின் அச்செவிலியர் செய்தது பலர் முறைவைத்துச் செய்ததாகலின் இயன்றது. ஒருத்தியே செய்தற்கு அஃது இயலாது. நாட்கூலி வீட்டு மருமகள் ஒருத்தியை நோக்கி அறம் உரைத்துவிட்டு அகல்வது எளிது. அவள் தோளிற் பாதியைத் தாங்குவதே சைவம். திருக்கோயில்களிலும் திருமடங்களிலும் நாடோறும் அன்னம் இடப்படுகின்றது. அது சிறந்த அறமே. ஆயினும் படுக்கையிற் கிடப்பார் பந்திக்கு வரமாட்டார். அவ்வன்னம் அவர் வாயருகே செல்லல் வேண்டும். ஓர் ஊரில் உள்ள சைவர் பதின்மர் முறைவைத்து, கிழமைக்கு ஒருநாள் ஒரு வீடு சென்று, நோயாளியைப் புரட்டிக் கிடத்தி, புண்கழுவி, திருநீறிட்டு, ஒரு பதிகம் ஓதி வருவாராயின், அவ்வீட்டாள் அவ்வொரு நாள் உறங்குவாள். தலைக்கு ஊற்றுதல் என்னும் சொல்லும் தன் பழைய மங்கலப்பொருளை மீளப்பெறும். திருமடங்கள் இதனைத் தம் அறங்களுள் ஒன்றாக மேற்கொள்ளின், பாடசாலைகளிற் சித்தாந்தம் கற்பிக்கும் பயன் அப்பொழுதே நிரம்பும்.

ஆகவே கருணைக்கொலை என்னும் தொடரில், மூன்றாம் வேற்றுமை விரி சொல்லளவில் நிற்கின்றது. இரண்டாம் வேற்றுமை விரியே நிகழ்வளவில் நிற்கின்றது. முன்னர்க் கொல்லப்படுவது அருகிருக்கவேண்டிய கருணை. அது மாண்டபின்னரே முதியோர் மாள்கின்றனர். அக்கருணை ஊரில் உயிரோடிருக்குமளவும் இத்தொடர்க்கு வேலையில்லை.

சிவம்.